ரெம்பிராண்டின் எலிப்பாஷாண வியாபாரி: மூலமா, போட்டோகிராவ்யூர் மறுபதிப்பா?

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1632இல் செப்புத் தகட்டில் வரைந்த எலிப்பாஷாண வியாபாரியைப் போன்ற பழைய டச்சு அச்சுப்படம் ஒன்று கைக்கு வந்தால், முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் இத்தகைய படங்களைப் போட்டோகிராவ்யூர் முறையில், அதாவது புகைப்படத்தின் வழியே புதுத் தகடு செய்து, மறுபதிப்பாக வெளியிட்ட ஷார்ல் அமான்-துரான், தம் பெயரின் முதலெழுத்துகள் கொண்ட சிவப்பு முத்திரையைப் பின்புறத்தில் இட்டார். அது தென்பட்டால் மறுபதிப்புதான், மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. தென்படாவிட்டாலும் அவசரப்பட வேண்டாம். முத்திரையைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்பவர்கள் உண்டு. தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், சுரண்டிய இடம் மட்டும் மெலிந்து அதிக ஒளியை விடும்.

படத்தைச் சுற்றி அழுந்தியிருக்கும் தகட்டுத் தடத்தை நம்பி ஏமாறுபவர்களே அதிகம். போட்டோகிராவ்யூரும் செப்புத் தகட்டு வேலைதான்: மூலப் படத்தைப் புகைப்படமெடுத்து, தகட்டுக்கு மாற்றி, அமிலத்தால் அரித்து, தேவையான இடங்களில் கையால் திருத்தி, மையிட்டு அழுத்தி எடுத்தார்கள். ஆகவே தடம் அதிலும் இருக்கும். கோட்டுக்குக் கோடு மூலத்தோடு பொருந்துவதும் சான்றாகாது. புகைப்படத்திலிருந்து வந்தது பொருந்தாமல் எப்படி இருக்கும்? கையால் பார்த்து வரைந்த நகலைப் பிடிக்கத்தான் அந்தச் சோதனை உதவும்.

உண்மையான வேறுபாடு கோட்டின் ஆழத்தில் இருக்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் வியாபாரியின் கம்பையும், அதன் உச்சியிலுள்ள கூடையையும், அதிலிருந்து தொங்கும் செத்த எலிகளையும் பாருங்கள். ரெம்பிராண்டின் தகட்டிலிருந்தே எடுத்த நல்ல மூலப் பதிவில் ஆழமாக அரிக்கப்பட்ட கோடுகளில் மை மேடாக நிற்கும், மெல்லிய கோடுகள் தாளோடு படிந்திருக்கும். மறுபதிப்பில் எல்லாக் கோடுகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். நிழலுக்காக நெருக்கி இழுத்த கோடுகள் ஒன்றோடொன்று கலந்து அடைபட்டும், மிக மெல்லியவை இடையிடையே அறுந்தும் தெரியும். ஊசியால் நேரடியாகக் கீறிய பிற படங்களில், கோட்டின் ஓரத்தில் வெல்வெட் போலப் பரவும் கருமையும் மறுபதிப்பில் தட்டையாகிவிடும். சீரான புள்ளிவலை தெரிந்தால் அது போட்டோகிராவ்யூர்கூட இல்லை, சாதாரணப் புத்தகப் படம்.

தாளைப் பொறுத்தவரை, தாள் செய்யும் அச்சின் கம்பி வரிகள் பதியாத வழவழப்பான தாள் ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வந்தது. ரெம்பிராண்ட் இறந்ததோ 1669இல். எனவே அத்தகைய தாளில் இருப்பது அவர் காலத்துப் பதிவல்ல. ஆனால் அவருடைய தகடுகளில் பல பிற்காலத்திலும் அச்சிடப்பட்டதால், அதை உடனே போட்டோகிராவ்யூர் மறுபதிப்பு என்று ஒதுக்கிவிடவும் கூடாது. வரியோடிய தாளோ எதையும் நிரூபிக்காது, ஏனெனில் மறுபதிப்பாளர்களும் அதைப் பயன்படுத்தினார்கள்.

அமான்-துரானின் வேலை மிக நேர்த்தியானது. மறுபதிப்புக்குரிய விலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். படம் அட்டையில் ஒட்டப்பட்டிருந்தால், பின்புறத்தைப் பார்க்கும் ஆவலில் நீராவி காட்டி உரிக்க வேண்டாம். தாள் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுத்துப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள்.