கடலோர அரங்கத்துக்கு சவுண்ட் அமைக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயரை மாற்றிச் செருகுவது, ஃபேடரை (மிக்ஸரில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகுமிழை) ஏற்றி வைத்துவிட்டு பவர் போடுவது எல்லாம் நாலு நிகழ்ச்சியில் தானே சரியாகிவிடும். ராமநாதபுரம் கரையில் புது அரங்கங்களுக்கு வேலைக்கு வரும் தம்பிகள் திரும்பத் திரும்பச் செய்கிற, காசைக் கரைக்கிற தவறுகள் வேறு.

எதிரொலிக்கு மருந்தாக ஸ்பீக்கர் வாங்குவது

கீழக்கரைப் பக்கம் ஒரு அரங்கம். கிரானைட் தரை, சுவரெல்லாம் டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கச்சேரியில் பாட்டின் வரிகள் பின்வரிசைக்குப் புரியவில்லை. "அண்ணே, இன்னும் நாலு பாக்ஸ் இறக்கிட்டா சரியாகிடும்" என்றார் பொறுப்பில் இருந்த தம்பி. இறக்கினார்கள். முன்வரிசை காதைப் பொத்தியது. பின்வரிசையில் மிருதங்கச் சொல் ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் வழிந்தது. இதே கூத்தை இன்றைக்கும் பார்க்கிறேன், எரிச்சல் அடங்கவில்லை.

வால்யூமைக் கூட்டினால் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்தேதான் ஏறும். தெளிவு இம்மியும் ஏறாது. வாட்டை இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல்தான்.

முதலில் கணக்குப் போடுங்கள். ஹார்வர்டில் வாலஸ் சபைன் கண்ட சூத்திரம்தான்: அரங்கின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் அடங்க எத்தனை செகண்ட் ஆகும் என்று தெரியும். 30 மீட்டர் நீளம், 15 அகலம், 7 உயரம் என்றால் 3,150 கன மீட்டர். நம் கச்சேரிக்கு 1.2 செகண்ட் வேண்டுமானால், சுமார் 420 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு தேவை. வந்து உட்காரும் ஆள் ஒவ்வொருவரும் ஏறக்குறைய அரை சதுர மீட்டர் தருவார். 400 பேர் வந்தாலும் பாதிதான் தேறும். மீதியைச் சுவரும் கூரையும்தான் தரவேண்டும். அதனால் பாக்ஸுக்கு எடுத்து வைத்த பணத்தை முதலில் பின்சுவரில் போடுங்கள்: ராக்வுல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சுப் பலகை), அதன் பின்னால் கொஞ்சம் காற்று இடைவெளி, மேலே ஒலி ஊடுருவும் துணி.

எதிரொலியை அடக்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது

தாழ்ந்த சுருதி ஒலியை அது தொடவே தொடாது. தீ மட்டும் சுலபமாகப் பிடிக்கும்.

பின் ஸ்பீக்கருக்கு டிலே விடாதது

மேடை ஸ்பீக்கரின் ஒலி பின்வரிசைக்கு வந்து சேர நேரம் எடுக்கும். அதோடு சேர்ந்து ஒலிக்கும்படி பின் ஸ்பீக்கரைத் தாமதப்படுத்துவதுதான் டிலே. இரண்டுக்கும் இடையே 20 மீட்டர் என்றால் 58 மில்லி செகண்ட். கட்டாயம் போடுங்கள்.

உப்புக்காற்றை மறப்பது

பாம்பன் புதுப் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பி போட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் ஆம்ப்ளிஃபயர்களை அடுக்கிய ராக்கைக் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்கிறார்கள். உள்ளிருக்கும் ஃபேன் அந்தக் காற்றையே இழுத்து போர்டின் மேல் படியவிடும். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் அதன் உலோக முள்ளில் பச்சை பூத்திருக்கும். கரகரப்பு அங்கிருந்துதான் வரும். ராக்கை ஏசி அறைக்குள் வையுங்கள். ராக்வுல் ஃபிரேமுக்கும் சாதா இரும்பு வேண்டாம், அலுமினியம் கேளுங்கள்.