எல்எம்386 ஆம்ப்ளிஃபயர்: கட்டும் முறையும் கரகரப்பைத் தீர்க்கும் வழியும்

எல்எம்386 என்பது போனிலிருந்து வரும் பாட்டை ஸ்பீக்கரில் கேட்கும் அளவுக்குப் பெருக்கும் சின்ன ஐசி (சிப்). அது சுலபத்தில் செத்துப்போகிற ஐசி அல்ல. "சத்தம் வரவில்லை, கரகரக்கிறது, புட்புட் என்கிறது" என்ற புகார்களில் பெரும்பாலானவை கிரவுண்ட் ஒயரிலும் (பேட்டரி மைனஸோடு சேரும் பொது ஒயர்) சப்ளை கன்டென்சரிலும்தான் போய் முடியும். அந்த இரண்டையும் கவனித்துக் கட்டினால் ஒரு மாலை நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

ஐசியின் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். என்-1, என்-3 வகைகளுக்கு 4 முதல் 12 வோல்ட். என்-4க்கு 5 முதல் 18 வோல்ட். 9 வோல்ட் சப்ளை, 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் என்-3 சுமார் 0.7 வாட் தரும். அறைக்குள் பாட்டுக் கேட்க அது போதும். கூடவே எட்டுக்கால் ஐசி சாக்கெட், 10கே வால்யூம் கன்ட்ரோல் (லாக் வகை), 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 1கே இரண்டு வேண்டும். கன்டென்சர்களில் 470 மைக்ரோஃபாரட் இரண்டு, 10 மைக்ரோ ஒன்று, 1 மைக்ரோ ஒன்று, 104 என்று எழுதியது (0.1 மைக்ரோ) ஒன்று, 473 என்று எழுதியது (0.047 மைக்ரோ) ஒன்று. எலக்ட்ரோலிட்டிக் (பிளஸ், மைனஸ் கால் உள்ள வகை) எல்லாம் 16 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. 10 ஓமுக்கு நிறம் பழுப்பு, கறுப்பு, கறுப்பு. மூன்றாவது பட்டை சிவப்பாக இருந்தால் அது 1கே; மங்கலான வெளிச்சத்தில் எடுக்கும்போது மாறிப்போகும்.

ஐசியின் பள்ளம் மேலே இருக்கும்படி பிடித்தால் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4. வலப்பக்கம் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8. 6ம் காலுக்கு பிளஸ் 9 வோல்ட், 4ம் காலுக்கு கிரவுண்ட். இந்த இரண்டுக்கும் நடுவே சப்ளை கன்டென்சர்களான ஒரு 470 மைக்ரோவும் 104ம், கால்களை ஒட்டியே வர வேண்டும். நான்கு அங்குலம் தள்ளி வைத்தால் அது வைக்காத மாதிரிதான். 2ம் கால் நேராக 4க்கு. 7லிருந்து 10 மைக்ரோ வழியாக கிரவுண்டுக்கு. 5ல் இன்னொரு 470 மைக்ரோவின் பிளஸ் கால். மைனஸ் பக்கம் ஸ்பீக்கருக்குப் போகும். அதே 5லிருந்து 10 ஓமும் 473ம் தொடராக கிரவுண்டுக்கு. காதுக்குக் கேட்காத உயர் அலைவரிசையில் ஐசி தானாகவே அதிரத் தொடங்காமல் தடுப்பது இந்த ஜோடிதான். "சின்னதுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

ஸ்பீக்கர் கன்டென்சருக்கு பல படங்களில் 220 மைக்ரோ போட்டிருக்கும். 8 ஓமுக்கு அது சுமார் 90 ஹெர்ட்ஸிலேயே பேஸைக் குறைக்கத் தொடங்கிவிடும். 470 போட்டால் அந்த எல்லை 42 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்.

போன் ஜாக்கின் இடது, வலது இரண்டையும் ஆளுக்கு ஒரு 1கே வழியாக ஒன்றுசேருங்கள். நேரடியாகச் சேர்த்தால் இரண்டு சேனலும் ஒன்றையொன்று ஷார்ட் செய்யும். சேர்ந்த இடத்திலிருந்து 1 மைக்ரோ, அங்கிருந்து வால்யூமின் ஒரு ஓரக் கால். நடுக்கால் ஐசியின் 3க்கு, மறு ஓரக் கால் கிரவுண்டுக்கு. பழைய இயர்போன் ஒயரை வெட்டி எடுத்தீர்கள் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உள்ளே இருக்கும் சிவப்பு, பச்சைச் செம்பு இழைகளின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும். நுனியில் நிறைய ஈயம் எடுத்து, பூச்சு புகைந்து கருகும்வரை சால்டரிங் அயர்னை வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் உருண்டையாக நிற்குமே தவிர ஒட்டாது.

1க்கும் 8க்கும் நடுவே எதுவும் வேண்டாம். அங்கே 10 மைக்ரோ போட்டால் பெருக்கம் 20லிருந்து 200 ஆகும். மைக்குக்கு அது சரி. போனுக்கு 20 தாராளம். 200ல் வால்யூமைத் தொட்டதுமே பாட்டு கிழியும், கூடவே இரைச்சலும் பத்து மடங்காகும்.

இனி கிரவுண்ட். உரத்த இடங்களில் ஸ்பீக்கர் வழியே 0.3 ஆம்பியர் ஓடும். அது திரும்பிவரும் ஒயரிலேயே போன் ஜாக்கின் கிரவுண்டும் தொற்றிக்கொண்டிருந்தால், ஒயரில் 0.05 ஓம் இருந்தாலே 15 மில்லிவோல்ட் கலந்துவிடும். அது 20 மடங்கு பெருகினால் 0.3 வோல்ட். ஆகவே ஸ்பீக்கர் மைனஸ், பேட்டரி மைனஸ் இரண்டும் சப்ளை கன்டென்சரின் மைனஸ் காலுக்கு வரட்டும்; ஜாக், வால்யூம் கிரவுண்ட் தனி ஒயரில் 4ம் காலுக்கு வரட்டும். பிரெட்போர்டில் (ஈயம் வைக்காமல் செருகும் பலகை) புட்புட் என்றது ஜீரோ போர்டில் (ஈயம் வைத்துக் கட்டும் துளைப் பலகை) அடங்கிவிடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் பேட்டரி ஒயரோடு தொடராக வையுங்கள். கன்டென்சர் நிரம்பும்வரை முள் துள்ளும், ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம் வரும், அதில் தப்பில்லை. பிறகு பாட்டில்லாமல் 10 மில்லி ஆம்பியருக்குள் நிற்க வேண்டும். 50ஐத் தாண்டினால் உடனே கழற்றுங்கள். அடுத்து 5ம் காலில் டிசி வோல்ட் பாருங்கள்: சப்ளையில் பாதி, அதாவது 4.5க்கு அக்கம்பக்கம் இருக்க வேண்டும். 0 அல்லது 9 காட்டினால் அங்கே ஈயம் பக்கத்துக் காலோடு ஒட்டியிருக்கும், இல்லையென்றால் ஐசி தலைகீழாக இருக்கும். தலைகீழாகச் சூடேறிய ஐசியை மறுபடி நம்ப வேண்டாம்.

5ல் 4.5 இருந்தும் சத்தம் இல்லையா? ஸ்க்ரூடிரைவரின் உலோகப் பகுதியில் விரல் படப் பிடித்து, வால்யூமைப் பாதியில் வைத்து 3ம் காலைத் தொடுங்கள். 'ம்ம்ம்' என்று கேட்டால் ஐசியிலிருந்து ஸ்பீக்கர் வரை எல்லாம் நலம், கோளாறு ஜாக்கிலோ வால்யூமிலோதான். கேட்காவிட்டால் ஸ்பீக்கரைக் கழற்றி 1.5 வோல்ட் செல்லில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். 'டொக்' என்றால் அது உயிரோடு இருக்கிறது.

புட்புட் சத்தம் வால்யூமை ஏற்றினால்தான் வருகிறது என்றால் பேட்டரி தளர்ந்துவிட்டது. சதுரமான 9 வோல்ட் பேட்டரி இந்தக் கரண்டை அதிக நேரம் தாங்காது. இரண்டு லித்தியம் செல் தொடராகப் போட்டால் 7.4 வோல்ட்டில் நன்றாகவே பாடும். வால்யூமைக் குறைத்தும் இரைச்சல் குறையாவிட்டால் சப்ளையைப் பாருங்கள், வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் ஜாக் பக்கம் ஷீல்டு ஒயர் விட்டிருக்கும். எங்கோ ஒரு ரேடியோ நிலையம் மெல்லப் பேசினால் 3க்கும் 4க்கும் நடுவே 470 பிகோஃபாரட் ஒன்று போதும். போனும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே சார்ஜரில் இருக்கும்போது 'கீ' என்ற ஓசை வந்தால் போன் சார்ஜ் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் சர்க்யூட்டில் கைவைக்காதீர்கள், இரண்டுக்கும் தனித்தனி சார்ஜர் கொடுங்கள்.

சுவிட்ச் போட்டதும் ஸ்பீக்கரின் கோன் (முன்னால் தெரியும் காகிதக் கூம்பு) ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு திரும்பாமலே நின்றால், ஸ்பீக்கருக்குப் போகும் 470 மைக்ரோ கன்டென்சர் ஷார்ட் ஆகிவிட்டது. அரை ஆம்பியர் டிசி ஸ்பீக்கர் சுருளைச் சுட்டுக்கொண்டிருக்கும். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்.