மதமதக்காத் தாழி பார்க்க ஒரு காலை

ஊருக்கு வருகிற சொந்தங்கள் மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், ஜிகர்தண்டா என்று மதுரையை முடித்துவிடுகிறார்கள். இன்னொரு காலை கையில் இருந்தால் ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய இடுகாட்டையும் பார்த்துவிடலாம்.

முதலில் கீழடி அருங்காட்சியகம். இராமநாதபுரம் சாலையில் சிலைமான் தாண்டிப் போக வேண்டும். மதுரையிலிருந்து 12 கி.மீ. போல வரும். 2023 மார்ச்சில் திறந்தது. பக்கத்து ஊரான கொந்தகைதான் அந்தக் காலத்து இடுகாடு. 2020-இல் அங்கே தோண்டத் தொடங்கி, எலும்புகளோடு முதுமக்கள் தாழிகளை, அதாவது இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகளை எடுத்தார்கள். ஊர்ப்பக்கம் மதமதக்காத் தாழி என்பது இதைத்தான். கருப்பு-சிவப்புக் கிண்ணங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். உள்ளேயும் விளிம்பிலும் கருப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டதில் காற்றுப் படாத பக்கம் கறுத்துவிட்டது. கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவரிடம், எனக்கும் சேர்த்து அகலமாகத் தாழி செய் என்று கேட்பதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. தாழியின் வாயைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வரும்.

அப்புறம்தான் காடு. மேற்கே உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களில் கல்வட்டங்கள், அதாவது பழைய புதைகுழிகளைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள் உண்டு. அருங்காட்சியகம் பார்க்காமல் நேரே போனால் வெறும் கற்குவியலாகத்தான் தெரியும். டீக்கடையில் போய் 'பெருங்கற்காலச் சின்னம்' எங்கே என்று கேட்காதீர்கள். "ஐயா, மதமதக்காத் தாழி எந்தப் பக்கம்?" என்றால் கை காட்டிவிடுவார்கள். வயசாகிச் சுருங்கிப்போன கிழவர்களைச் சோறு, விளக்கோடு தாழிக்குள் வைத்தார்கள் என்ற கதையும் கூடவே வரும். அது வெறும் கதைதான், ஆனால் கேட்க நன்றாக இருக்கும்.

நிலம் யாருடையது என்று கேட்டு, சொல்லிவிட்டு இறங்குங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். சீமைக்கருவேல முள் ரப்பரைத் துளைத்துவிடும். சித்திரை வெயிலில் போகவே போகாதீர்கள். மார்கழி, தை சுகம்.

பானை ஓடு ஒன்றையும் பையில் போடாதீர்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972 சட்டப்படி அனுமதி இல்லை. விமான நிலையத்தில் பிடித்தால் சிக்கல். போன வருஷம் எங்கள் அக்கா மகன் விரல்நகம் அளவு சில்லு ஒன்றைப் பாக்கெட்டில் போட்டிருந்தான். கார்வரை வந்தபின்தான் சொன்னான். அரை கிலோமீட்டர் திரும்ப நடந்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம்.