ஸ்பீக்கர் தூசியைத் துடைக்கும்போது செய்யக்கூடாதவை

ஸ்பீக்கரில் தூசி படிந்தால் சத்தம் கெட்டுவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். முன்னால் அதிர்ந்து சத்தம் எழுப்பும் கோன் மேல் மெல்லிசாகப் படிந்த தூசியால் காதுக்குத் தெரிகிற அளவுக்கு எதுவும் மாறாது. அதைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று இறங்கி, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ட்வீட்டரை (உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரை) நசுக்கிவிட்டு முழிப்பதுதான் பெரிய நஷ்டம். துடைக்க ஆரம்பிக்கும் முன், இதைத் துடைத்தே ஆக வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் எதிரி வேக்யூம் கிளீனர். ட்வீட்டரின் நடுவில் இருக்கும் குமிழ் போன்ற டோம், பட்டுத் துணியோ அலுமினியமோ டைட்டானியமோ, எதில் செய்திருந்தாலும் ரொம்ப மெல்லியது. உறிஞ்சு குழாயைக் கிட்டே கொண்டுபோனாலே போதும், டோம் வெளியே இழுபட்டு மடங்கிவிடலாம். குழாய் முனையில் மெத்தென்ற பிரஷ் மாட்டியிருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம், உறிஞ்சும் வேகம் அதே வேகம்தான். பெட்டியின் பக்கங்களுக்கும், தனியாகக் கழற்றி வைத்த கிரில்லுக்கும் (முன்பக்க மூடிக்கும்) தாராளமாகப் பயன்படுத்தலாம், அதோடு சரி.

கீபோர்டு சுத்தம் செய்ய வாங்கி வைத்த காற்று டப்பாவும் அப்படித்தான். அது டோமை வெளியே இழுப்பதற்குப் பதில் உள்ளே தள்ளும். டப்பாவைச் சாய்த்துப் பிடித்தால் காற்றோடு சேர்ந்து உறையவைக்கும் குளிரில் திரவமும் பீய்ச்சியடிக்கும். இன்னொரு விஷயம், சில வூஃபர்களில், அதாவது தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய ஸ்பீக்கர்களில், நடுவில் மூடி இருக்காது, அதற்குப் பதில் அசையாத கூம்பு ஒன்று நிற்கும். அந்தக் கூம்பைச் சுற்றியுள்ள குறுகலான இடைவெளிக்குப் பின்னால்தான் கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் இருக்கிறது. நீங்கள் வேகமாக அடிக்கும் காற்று தூசியை நேரே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், அப்புறம் கரகரவென்று உரசும் சத்தம் கேட்கலாம். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கேமரா லென்ஸுக்குப் பயன்படுத்தும் ரப்பர் பந்து ஊதியை ஓரடி தள்ளி வைத்து மெதுவாக அமுக்கினால் போதும். ரிப்பன் ட்வீட்டர் என்றால் அதுவும் வேண்டாம், உள்ளே இருப்பது காற்றில் ஆடும் உலோகத் தாள், அது ஒருமுறை தொய்ந்தால் தொய்ந்ததுதான்.

ஈரத்துணி விஷயத்தில் நல்லவர்களே தப்பு செய்கிறார்கள். பேப்பர் கோன் தண்ணீர் பட்டால் ஊறி வடிவம் மாறும். பட்டு டோமின் மேல் பிசுபிசுப்பான ஒரு பூச்சு இருக்கும், தூசி அதில்தான் ஒட்டிக்கொள்கிறது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் தூசியோடு பூச்சும் கரைந்து வந்துவிடும், அந்தப் பூச்சு சும்மா போட்டதல்ல, ஒலியைச் சீராக வைத்திருப்பதில் அதற்கும் பங்குண்டு. பட்டு டோமில் ஒட்டிய தூசியை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. பெரிய கோனுக்கு மிருதுவான ஓவிய பிரஷ், எடையே போடாமல், நடுவிலிருந்து ஓரமாக. பிரஷ்ஷின் கழுத்தில் இரும்பு வளையம் இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தம் கையிலிருந்து வெடுக்கென்று இழுத்துக் கோனில் குத்திவிடும். ஸ்க்ரூடிரைவரால் கோன் கிழிவதும் இப்படித்தான்.

பழைய ஸ்பீக்கர்களில் கோனைச் சுற்றி ஃபோம் வளையம் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். வருஷம் ஆக ஆக அது தானாகவே மக்கும், விரல் பட்டால் உதிரும். விலை உயர்ந்த சில ட்வீட்டர்களில் டோம் பெரிலியத்தால் ஆனது. அது உடைந்திருந்தால் ஊதவோ உறிஞ்சவோ கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்னபடி மட்டும் செய்யுங்கள்.

கிரில்லைக் கழற்றும்போது ஒரே மூலையைப் பிடித்து இழுத்தால் பிளாஸ்டிக் குச்சி உள்ளேயே முறிந்து நின்றுவிடும். நாலு மூலையையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். துணி கிரில்லை முக்கி அலசினால் பசை விட்டுத் துணி தொங்கும், உடையில் முடி எடுக்கும் ஒட்டுருளை போதும்.

பெட்டிக்கு வரலாம். பளபளக்கும் கறுப்பு பெட்டியைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் தூசியில் உள்ள மணல் துகளே அதைக் கீறிவிடும், வெளிச்சத்தில் பார்த்தால் வட்ட வட்டமாகத் தெரியும். முதலில் தூசியைத் தட்டிவிட்டு, லேசாக ஈரம் காட்டிய மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். எந்தத் திரவமானாலும் துணியில் அடியுங்கள், ஸ்பீக்கர் மேல் நேரே அடிக்காதீர்கள். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவம் வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட வேண்டும். பின்பக்கம் துடைக்கும்போது கழன்ற ஒயர் முனைகள் ஒன்றோடொன்று உரசினால் ஆம்ப்ளிஃபயரே போய்விடக்கூடும். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர் என்றால் பிளக்கையே உருவிவிடுங்கள். பின்னால் இருக்கும் பேஸ் துளைக்குள் துணியைத் திணிக்காதீர்கள், விரல் எட்டும் வரை துடைத்தால் போதும், மிச்சம் உள்ளே இருப்பதால் யாருக்கும் எதுவும் ஆகாது.