கிராண்ட் கேன்யனை ஓடிக் கடக்கப் போகிறீர்களா?

அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பிலிருந்து வடக்கு விளிம்புக்கு ஓடி, அதே நாளில் திரும்பினால் மொத்தம் 70 கி.மீ. அளவுக்கு வரும். தூரத்தைவிட முதல் இறக்கம்தான் ஆளைக் கவிழ்க்கும். சவுத் கைபாப் பாதையில் கொலராடோ ஆறு வரை சுமார் 1,450 மீட்டர் இறங்க வேண்டும். அங்கே உற்சாகத்தில் பறந்தால் தொடை அப்போதே காலி. இரண்டு பெரிய ஏற்றங்கள் அதற்குப் பிறகுதான். அதனால் பயிற்சியில் ஏற்றத்துக்குத் தரும் நேரத்தை இறக்கத்துக்கும் கொடுங்கள்.

சவுத் கைபாபில் வழியெங்கும் குடிநீர் கிடையாது. நிழலும் அரிது. அதை இறங்க மட்டும் வைத்துக்கொண்டு, திரும்பும்போது பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறுவது நல்லது. கொஞ்சம் நீளம்தான், ஆனால் இடையில் தண்ணீர்க் குழாய்கள் உண்டு. அந்தக் குழாய்களையும் முழுக்க நம்ப வேண்டாம். பழைய குழாய்த்தொடர், அடிக்கடி உடையும். கிளம்பும் முன் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள், சிறிய தண்ணீர் வடிகட்டி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். வடக்கு விளிம்புக்கு ஏறும் நார்த் கைபாப் பாதையின் பெரும்பகுதியில் ஓடை பக்கத்திலேயே வரும், அதில் வடிகட்டிக் குடிக்கலாம்.

கோடையில் வேண்டவே வேண்டாம். அடிவாரத்தில் நிழலிலேயே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மே, அக்டோபர் மாதங்கள் பரவாயில்லை. அப்புறம், வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். உப்பான தீனியும் கூடவே உள்ளே போக வேண்டும். கோவேறு கழுதைகள் எதிரே வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, ஓட்டி வருபவர் சொல்லும் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள்.