ஏற்காட்டுப் பனியும் கிட்டார் கம்பியும்: முதல்முறை மாற்றுபவர்களுக்கு

மலைமேல் கிட்டார் வைத்திருப்பவர்களுக்குக் கம்பி சீக்கிரம் போய்விடும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். டிசம்பரில் சன்னலைத் திறந்து வைத்தால் மூடுபனி உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும். எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பி எஃகு. ஆறு கம்பிகளில் தடித்த மூன்றின் மேல் நிக்கல் பூசிய எஃகுச் சுற்றும் இருக்கும். பனி ஈரமும் விரல் வியர்வையும் சேர்ந்தால் துரு பிடிக்காமல் என்ன செய்யும்?

கம்பியின் அடிப்பக்கத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்து விரலில் கருப்பு ஒட்டினால், சத்தமும் நமுத்த அப்பளமாக இருந்தால், மாற்றும் நேரம் வந்துவிட்டது.

என்ன வாங்குவது

சேலத்துக்கு இறங்கும்போது வாங்கி வந்துவிடுங்கள். ஒரு கம்பிக்காக 20 கொண்டை ஊசி வளைவுகளை மறுபடி இறங்கி ஏறுவது கொடுமை. பாக்கெட்டில் 9-42 என்றோ 10-46 என்றோ போட்டிருக்கும். 9 என்றால் மிக மெல்லிய கம்பியின் தடிமன் 0.009 அங்குலம். இப்போது கிட்டாரில் எந்த அளவு இருக்கிறதோ அதையே வாங்குங்கள். அளவை மாற்றினால் கழுத்து, பிரிட்ஜ் (கம்பிகள் உடல்பக்கம் மாட்டியிருக்கும் உலோகப் பகுதி) எல்லாவற்றையும் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அந்த வேலை முதல்முறைக்கு வேண்டாம்.

ஒரு கட்டிங் பிளேயர், காய்ந்த பருத்தித் துணி, பென்சில், சுருதி காட்டும் ட்யூனர். இவ்வளவுதான் சாமான். போனில் இருக்கும் ட்யூனர் ஆப் போதும்.

ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள்

நம்மில் பலர் கையில் இருப்பது 1954-ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சாயலில் செய்த கிட்டார்தான். அதன் பிரிட்ஜை முன்பக்கம் கம்பிகள் இழுக்கின்றன, பின்பக்கம் உடலுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன. 9-42 செட்டைச் சுருதி சேர்த்தால் ஆறு கம்பிகளின் மொத்த இழுவை கிட்டத்தட்ட 38 கிலோ, அதாவது 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றரை. ஒரு பக்கத்துப் பாரத்தை மொத்தமாக எடுத்தால் பிரிட்ஜ் பின்னால் சாய்ந்துவிடும். திரும்பச் சமன் வருவதற்குள் ராத்திரி ஆகிவிடும். ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைப் போட்டு, ஓரளவு சுருதிக்குக் கொண்டுவந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். பிரிட்ஜ் அசையாத வகைக் கிட்டார் என்றால் இந்தக் கவலை இல்லை.

முதலில் கீயை, அதாவது தலைப்பகுதியில் சுருதி சேர்க்கத் திருகும் குமிழைத் திருகிக் கம்பியைத் தொளதொளவென்று தளர்த்துங்கள். இறுக்கமாக இருக்கும்போது வெட்டினால் சுண்டி முகத்தில் அடிக்கும். தளர்ந்ததும் நடுவில் வெட்டி, மேல்துண்டைக் கீயோடு சுழலும் தண்டிலிருந்து உருவிவிடுங்கள். கீழ்த்துண்டைப் பிரிட்ஜ் வழியாக உள்ளே தள்ளினால் குண்டு முனை கிட்டாரின் முதுகுப்பக்கம் வெளியே வரும். வராமல் சிக்கினால் பின்மூடியின் துளை சற்று விலகியிருக்கும், மூடியைக் கழற்றிவிடுங்கள்.

புதியதைப் போடும்முன் நட்டில், அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் அமரும் பட்டையில், அந்தக் கம்பிக்கான பள்ளத்தைப் பென்சிலால் நன்றாகத் தேயுங்கள். பென்சில் கரி கம்பி வழுக்கிப்போக உதவும். சுருதி சேர்க்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்து சுருதி தாவுகிறதே, அது பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில் கம்பி சிக்கி விடுபடுகிற சத்தம்தான்.

சுற்றுவதில்தான் எல்லாமே

“புதுக் கம்பி போட்டேன், சுருதி நிற்கவே இல்லை” என்று சொல்பவர்களின் கிட்டாரை வாங்கிப் பார்த்தால் தண்டில் கம்பி நூல்கண்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். கம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை.

புதுக் கம்பியை முதுகுப்பக்கத்திலிருந்து நுழைத்துக் குண்டு முனை உட்காரும்வரை இழுங்கள். மேலே தண்டின் துளையில் விட்டு விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். அப்புறம் பிரிட்ஜ் பக்கமாகக் கொஞ்சம் தளர்வு கொடுங்கள்: தடித்த கம்பிக்கு மூன்று விரல் அகலம், மெல்லியதற்கு நான்கு விரல். துளையைத் தாண்டிய இடத்தில் கம்பியை ஒடிக்கிற மாதிரி மடக்குங்கள். இனி கீயைத் திருகலாம். ஆறு கீயும் ஒரே வரிசையில் இருக்கும் கிட்டாரில், கீ நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கம்பி தண்டைத் தொட வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுக்குக் கீழே, ஒட்டி உட்கார வேண்டும். ஒரு கை திருகட்டும், இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் கம்பியைக் கீழ்நோக்கி அழுத்தியபடி இருக்கட்டும். தடித்ததற்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லியதற்கு மூன்று நான்கு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமா ஒருவர் என் கிட்டாரைப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, ஒரு வரிசை ஒழுங்கா சுத்தத் தெரியாதா?” என்றார். அன்று அதே இடத்தில் உட்கார்ந்து மறுபடி சுற்றினேன்.

தடித்ததிலிருந்து மெல்லியதுவரை சுருதி ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதல்முறை நான் மெல்லிய ஈ கம்பியைச் சுண்டிக்கொண்டே பி கம்பியின் கீயைத் திருகிக்கொண்டிருந்தேன். ட்யூனரில் முள் அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருகினேன். ‘பட்’. மாலை ஆறு மணி, மலைமேல், மாற்றுக்கு வேறு கம்பி இல்லை. அந்த வாரம் முழுக்க ஐந்து கம்பியில்தான் வாசித்தேன். சுண்டும் கம்பியிலிருந்து கீ வரைக்கும் கண்ணால் ஒருமுறை தொடர்ந்து பார்த்துவிட்டுத் திருகுங்கள்.

ஆறும் ஏறியதும், ஒவ்வொன்றையும் 12-வது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அருகே பிடித்து ஓர் அங்குலம் உயரம்வரை மெதுவாக இழுத்துவிடுங்கள். சுருதி இறங்கும். சேர்த்துவிட்டு மறுபடி இழுங்கள். மூன்று நான்கு தடவை செய்தால் இறங்குவது நின்றுவிடும். இதைத் தவிர்த்துவிட்டு மேடை ஏறினால் இரண்டாவது பாட்டிலேயே மானம் போகும்.

தண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாலை வெட்டுவது கடைசியில். தண்டிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். கொலுசுப் பட்டறையில் தரையைக் கூட்டிய தூசியைக்கூட எறியமாட்டார்கள், அதில் வெள்ளி இருக்கும். நம் தரையில் கிடப்பது வெறும் எஃகு, ஆனால் ஊசி மாதிரி காலில் ஏறும். ஒரு காந்தத்தை எடுத்துக் கட்டிலுக்கு அடியிலும் சேர்த்து ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.