சர்க்கரை நோயும் கால் இரத்தக்குழாய் அடைப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலுக்குச் செல்லும் இரத்தக்குழாயில் அடைப்பு உள்ள சர்க்கரை நோயாளிகள் பலர், சர்க்கரையை ஒரு மருத்துவரிடமும் காலை இன்னொரு மருத்துவரிடமும் ஒப்படைத்துவிட்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை என்பதுபோல் நடந்துகொள்கிறார்கள். சிகிச்சையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன.

வலி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது முதல் தவறு. நடக்கும்போது கெண்டைக்கால் இறுகி வலிப்பதும், நின்றால் அந்த வலி தணிவதும் அடைப்பின் வழக்கமான அறிகுறி. ஆனால் நீண்ட நாள் சர்க்கரையால் கால் நரம்புகள் மரத்துப்போனவருக்கு அந்த வலி தெரியாமலே போகலாம். விரல் நுனியில் ஆறாத புண் ஒன்று தோன்றும்போதுதான் அடைப்பு வெளிப்படும்.

பரிசோதனையிலும் ஒரு பொறி உண்டு. கணுக்காலில் அளக்கும் இரத்த அழுத்தத்தைக் கையில் அளக்கும் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, அந்த விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு உள்ளதாகக் கொள்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் பலருக்குக் கால் தமனிகளின் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து குழாய் விறைத்துவிடுவதால், அழுத்தமானியின் பட்டை அதை நசுக்க முடியாமல், உள்ளே இரத்தம் குறைவாக ஓடும்போதும் விகிதம் இயல்பாகவோ 1.4-க்கு மேலாகவோ காட்டும். ஆகவே புண் ஆறாமல் இருக்கையில் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி நிம்மதி அடைவது ஆபத்தானது. கால் விரலின் குழாய்கள் இவ்வாறு விறைப்பது குறைவு என்பதால், விரலின் இரத்த அழுத்தத்தையும், தேவைப்பட்டால் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனையும் கேட்டுப் பெறுவதே சரி.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் அடைப்பு தானாகக் கரைந்துவிடும் என்று நம்புவது இன்னொரு தவறு. அடைப்பு மேலும் பரவாமல் இருக்கவும், புண்ணில் தொற்று ஏறாமல் இருக்கவும் சர்க்கரைக் கட்டுப்பாடு உதவும். ஏற்கெனவே மூடிய குழாயை அது திறக்காது. இதன் மறுபக்கமும் உண்டு: ஹெச்பிஏ1சி குறையும்வரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாம் என்ற எண்ணம். அந்த அளவு ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. அழுகத் தொடங்கிய விரல் அவ்வளவு நாள் பொறுத்திருக்காது. அவசர நிலையில் இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை விரைவாகவே சிகிச்சைக்கு ஏற்ற நிலைக்குக் கொண்டுவர முடியும்.

அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியோ, அதைச் சுற்றி மாற்றுவழி அமைக்கும் பைபாஸோ முடிந்ததும் நோய் தீர்ந்துவிட்டதாக நினைப்பதைத்தான் இவற்றுள் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். திறக்கப்படுவது குழாயின் ஒரு பகுதி மட்டுமே. அடைப்பை உண்டாக்கிய நோய் உடலின் எல்லாத் தமனிகளிலும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், ஹெச்பிஏ1சி ஒரு சதவீதம் குறைவாக இருந்தவர்களுக்குக் காலை இழப்பதோ, கை கால் இரத்தக்குழாய் நோயால் இறப்பதோ 43 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. இதைப் படித்துவிட்டு அவசரமாகச் சர்க்கரையை மிகத் தாழ்வாக இறக்குவதும் கூடாது. தாழ்சர்க்கரை இதயத்துக்குக் கேடு, திடீர் இறக்கம் விழித்திரைப் பாதிப்பைத் தற்காலிகமாகக் கூட்டவும் செய்யலாம். பலருக்கு ஹெச்பிஏ1சி 7 சதவீதம் அளவில் இலக்கு வைப்பார்கள். முதியவர்களுக்குச் சற்றுத் தளர்த்துவார்கள்.

மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவதும் இதே வகைதான். கொழுப்பு இயல்பாக இருக்கிறதென்று கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டினையும், பல் பிடுங்க வேண்டுமென்று இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரலையும் மருத்துவரைக் கேட்காமல் விட்டவர்களுக்கு, குழாயைத் திறந்து வைக்கப் பொருத்திய ஸ்டென்ட் மீண்டும் அடைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. மாறாக, குழாய்க்குள் சாயம் செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமுக்கு முன் சிறுநீரகம் பலவீனமானவர்கள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கலாம்; டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைத் திட்டமிட்ட அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். இதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அதற்கு அவரிடம் எல்லா மாத்திரைகளின் பட்டியலும் இருக்க வேண்டும். புகைப்பவர் புகையை விடாதவரை மேற்சொன்ன எதுவும் முழுப் பலன் தராது.

வீட்டில் செய்யும் தவறுகள் எளியவை: மரத்த காலில் வெந்நீர் ஒற்றடம் கொடுப்பது, ஆணிக்காலைப் பிளேடால் சீவுவது, வீக்கம் வடிய இறுக்கமான காலுறை அணிவது. இரத்தம் குறைந்த காலுக்கு இவை ஒவ்வொன்றும் புண்ணுக்கு வழி.

கால் திடீரென வெளுத்துக் குளிர்ந்து வலித்தால், சில மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாதத்தில் தொற்று ஏறும்போது சர்க்கரை நோயாளிகளுக்குக் காய்ச்சல் வராமலும் இருக்கலாம். காரணமின்றிச் சர்க்கரை ஏறுவதே அதன் முதல் அடையாளமாக இருக்கக்கூடும் என்பதால், அப்படி ஏறும் நாளில் மருந்தின் அளவைக் கூட்டுவது பற்றி யோசிக்கும் முன் விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் பார்த்துவிட வேண்டும்.